பேய்க்குக் கொலைகாரன் யாரென்று தெரியுமே, அப்புறம் கதை எப்படி நகரும்?

புளியரைக்காரி:
பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலை, பேய், காதல் மூன்றும் உண்டு. கதை நடப்பது 2010 கோடையில். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயில் நின்றது அந்தச் செப்டம்பரில்தான்; அதற்குக் கொஞ்சம் முன்னால். கதாநாயகி எங்கள் புளியரைப் பெண், பிளஸ் டூ எழுதி முடித்தவள். தோழி ஜானகி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவுக்காரி. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே இருக்கும் குகைக்குள் தண்டவாளத்தோரம் ஜானகி பிணமாகக் கிடக்கிறாள். ரயிலிலிருந்து தவறி விழுந்தாள் என்று எழுதி மூடிவிடுகிறார்கள். ஏழாம் நாள் ராத்திரி அவள் தோழியைத் தேடி வருகிறாள். ஜானகியின் அண்ணன்மேல் கதாநாயகிக்குப் பிரியம்.

மூன்று அத்தியாயங்களைச் சித்தி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "பேய்தான் வந்துட்டுதே, யாரு கொன்னதுன்னு அவகிட்டயே கேட்டா முடிஞ்சுதே" என்றாள். அதோடு எழுத்து நின்றுவிட்டது. ஜானகிக்கு ஞாபகம் போய்விட்டது என்று மாற்றிப் பார்த்தேன். வாய் பேசாத பேயாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் மறைக்கவில்லை, நான்தான் மறைக்கிறேன் என்று தெரிந்துவிடுகிறது. அந்தக் குகை இருட்டில் அவள் எவ்வளவு பயந்திருப்பாள்! அதை மறந்துவிட்டாள் என்று எழுத எனக்கு மனசே வரவில்லை. என்ன செய்யலாம்?

வில்லடி வீடு, நாகர்கோவில்:
எங்கள் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கோயில் கொடைத் திருவிழா ஒவ்வொன்றுக்கும் கூடவே போய் வளர்ந்தவன் நான். வில்லில் பாடுகிற கதைகளில் எத்தனையோ, அநியாயமாகச் செத்தவர்கள் கதைதான். மாடு களவாட வந்தவர்களால் செத்த முத்துப்பட்டனுக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றைக்கும் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். இவர்கள் யாரும் துப்புச் சொல்ல வருவதில்லை, மக்ளே. தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று வருகிறார்கள்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஊர்ச்சபையில் அந்த உண்மையைச் சொல்கிறாளா? கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று அழுகிறாள். அவனுக்கு ஏதும் ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர்கள் 70 பேர் வாக்குக் கொடுத்து, அவள் அவனைக் கொன்றதும் சொன்னபடியே தீயில் இறங்குகிறார்கள். அவளுக்கு நடந்த அநியாயம் நிஜம், அவள் சபையில் சொன்னது பொய். சின்ன வயதில் அந்த இடத்தைக் கேட்டுவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஜானகிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கட்டும். வாய் திறந்து ஒரு பேரும் சொல்லட்டும். அது கதாநாயகி யாரை விரும்புகிறாளோ அவன் பேராக இருக்கட்டும்.

வக்கீல் ஜூனியர், தென்காசி:
அண்ணாச்சி சொன்னது சட்டத்துக்கும் பொருந்துகிறது. சாகும் முன் சொன்னால்தான் மரண வாக்குமூலம். செத்த பிறகு சொன்னால் அதைக் கேட்டவள் பாடுதான். (கதை 2010 என்பதால் பழைய சாட்சியச் சட்டம், பிரிவு 32. புதிய சட்டம் 2024 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது.) அதனால் பேய் சொன்னாலும் உங்கள் பெண் வேறு ஆதாரம் தேடித்தான் ஆக வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையை அவள் கையில் கிடைக்கச் செய்யுங்கள். உயிரோடு இருப்பவர்மேல் ரயில் மோதினால் காயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கட்டியிருக்கும், செத்தவர்மேல் மோதினால் அப்படி இருக்காது. எல்லைப் பிரச்சினையும் உண்டு: தாக்கியது ஒரு மாநிலம், பிணம் கிடந்தது இன்னொரு மாநிலம் என்றால், இரண்டு போலீஸ் ஸ்டேஷனும் அந்தப் பக்கம் போ என்று அலையவிடும். சட்டப்படி இரண்டு பக்கத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். அதை ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்?

தென்மலை எஸ்டேட் பிள்ளை:
அக்கா, வெள்ளைச் சேலை மட்டும் வேண்டாம். எங்கள் கேரளப் பக்கத்துப் பெண்பேய் யட்சி பாலைமரத்தடியில் அழகாக நின்று சுண்ணாம்பு கேட்பாள். உங்கள் பக்கத்தில் அவளே பிள்ளையை ஏந்திய இசக்கி அம்மன், அவளுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்தானே, அதனால் கதாநாயகியின் பாட்டி யட்சி என்பாள், அம்மா இசக்கி என்பாள். ஜானகி இரண்டும் இல்லாமல், சுடிதார் போட்ட ஜானகியாகவே வரட்டும். அப்புறம், அந்த அண்ணனை ரொம்ப நல்லவனாக்காதீர்கள். கொஞ்சமாவது சந்தேகம் வர வேண்டும்.

புளியரைக்காரி:
அண்ணாச்சி, உங்கள் பதிலை நாலு தடவை படித்தேன். ஜானகி அண்ணன் பேரைத்தான் சொல்லப் போகிறாள். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ரயில் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றவன் வரவில்லை. அடித்தது வேறு ஆள். அந்த முகத்தை இருட்டில் அவள் பார்க்கவே இல்லை. அவள் கணக்கில், வராதவன்தான் கொன்றவன். அவன் ஏன் வரவில்லை என்பது கதாநாயகிக்கு மட்டும் தெரியும். அந்த நேரம் புளியரைக் குளத்தங்கரையில் அவன் இவளோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் அத்தியாயத்தை இன்று ராத்திரியே முதலிலிருந்து எழுதுகிறேன்.