வெள்ளிக்கிழமை பார்டெண்டர் இன்டர்வியூ, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். நான் தண்டையார்பேட்டை. கிண்டியில் ஒரு ஸ்டார் ஹோட்டல் பாரில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ராயபுரத்தில் இரண்டு வருஷம் ரெஸ்டாரன்ட் சர்வீஸ் பார்த்திருக்கிறேன். பார் கவுன்டருக்குள் நின்றதில்லை.

படித்த வரைக்கும் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். மது ஊற்றும் அளவில் ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60. காக்டெயிலில், எலுமிச்சைச் சாறு சேரும் டைகிரியை ஷேக் செய்ய வேண்டும். ஜின்னும் வெர்மூத் என்கிற மூலிகை ஒயினும் சேரும் மார்ட்டினியை ஐஸோடு கிளறினால் போதும். மோஹிட்டோவுக்குப் புதினாவை லேசாகத்தான் அழுத்த வேண்டும், கசக்கிவிட்டால் கசந்துவிடும். 21 வயது ஆகாதவருக்கு ஊற்றக் கூடாது. வீட்டில் தினமும் தண்ணீரை ஜிக்கரில் (பாரில் மது அளக்கும் சின்னக் கோப்பை) அளந்து ஊற்றிப் பழகுகிறேன்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். போதை ஏறியவர் இன்னொரு பெக் கேட்டால் எப்படி மறுப்பாய் என்று கேட்பார்களாம். குடியால் நொந்த வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதற்கு மனப்பாடப் பதில் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் நிஜத்தில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோ இல்லை. டிராப் வண்டி உண்டா என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாமா, சேர்ந்த பிறகா?