எம்ஜிபி வாங்கப் போறன், எம்.ஓ.டி வரலாறு பாதியில நிக்குது – உதவி தேவை

புதுச்சாவி:
வணக்கம், அவசரமா ஒரு உதவி. ஒரு எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பார்த்து வச்சிருக்கிறன். வடிவான கார். சனிக்கிழமைக்கு முதல் முற்பணம் தரச் சொல்லி விக்கிறவர் நெருக்கிறார். அரசாங்கத் தளத்தில நம்பரைப் போட்டுப் பார்த்தா எம்.ஓ.டி (பிரிட்டனில வருசாவருசம் நடக்கிற வாகன டெஸ்ட்) ஒரு வருசத்தோட நிண்டுபோச்சு, அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. மைலும் இடையில குறைஞ்சிருக்கு. ஏமாத்து வேலையோ? வாங்கலாமோ விடலாமோ, கெதியாச் சொல்லுங்கோ.

நாலுசில்லு:
எந்த வருசக் கார்? திறந்த ரோட்ஸ்டரோ கூரை போட்ட ஜிடியோ? கடைசி டெஸ்ட் எப்ப? மைல் எவ்வளவில இருந்து எவ்வளவுக்கு வந்தது? இதுகள் இல்லாமல் ஒருத்தராலயும் ஒண்டும் சொல்லேலாது தம்பி.

வேகமானி:
மைல் குறைஞ்சிருக்குன்னா மீட்டரைத் திருப்பியிருக்காங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? விட்டுட்டு வேற வண்டி பாருங்க.

பழையஇரும்பு:
இதே கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. காசை எடுப்பதற்கு முன் அடிப்படையாவது படித்துவிட்டு வர வேண்டும். 2018 மே 20 முதல், 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி கட்டாயமில்லை. எம்ஜிபி தயாரிப்பு 1980-இல் நின்றுவிட்டது. எல்லாமே இன்று அந்த வயதைக் கடந்தவை. வரலாறு நின்றதில் மர்மம் ஒன்றும் இல்லை. மைலும் அப்படித்தான். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். வேகமானி, தெரியாததை இவ்வளவு அடித்துச் சொல்லாதீர்கள்.

வேகமானி:
சுத்தி வந்த மீட்டர்னா அதுக்கு முந்தின எண் தொண்ணூறாயிரத்துக்கு மேல இருக்கணும்ல? அறுபதாயிரத்துல இருந்து நாப்பதாயிரத்துக்கு இறங்கியிருந்தா நீங்க என்ன சொல்வீங்க? முதல்ல எண்ணைச் சொல்லச் சொல்லுங்க.

புதுச்சாவி:
1973 ரோட்ஸ்டர், குரோம் பம்பர். கடைசி டெஸ்ட் 2017. 2009 இல 97,412, அடுத்தது 2012 இல 03,280. வேலையில நிக்கிறன், பிறகு வாறன்.

கறள்தேடி:
அப்ப மைல் கணக்கு சரியாத்தான் இருக்கு, சுத்தி வந்திருக்கு. 2009க்கும் 2012க்கும் இடையில டெஸ்ட் இல்லாதது, றோட்டில ஓட்டேல்ல எண்டு அரசாங்கத்துக்கு அறிவிச்சு (சோர்ன்) வச்சிருந்த காலமா இருக்கலாம். எங்க நிண்டது, ஈரமான கொட்டிலோ காய்ஞ்ச கராஜோ எண்டு விக்கிறவரிட்டக் கேளுங்கோ.

இப்ப செய்ய வேண்டியது, அந்தத் தளத்தில 2005க்குப் பிறகு இருக்கிற ஒவ்வொரு டெஸ்டையும் திறந்து வரி வரியா வாசிக்கிறது. பாஸோ ஃபெயிலோ எண்டு மட்டும் பார்த்திட்டு மூடாதேங்கோ. ஃபெயிலான வருசத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. என்ன பழுதாப் போச்சு, எதைத் திருத்தினவை எண்டு அது சொல்லுது. நான் பயப்படுறது வேற ஒண்டுக்கு. ஒரு வருசம் "இடப்பக்கச் சில் கறள்" எண்டு அட்வைசரி, அதாவது ஃபெயில் ஆக்காத எச்சரிக்கை, இருக்கும் (சில் எண்டது கதவுக்குக் கீழ ஓடுற உடம்புத் தகடு, கறள் எண்டா துரு). அடுத்த வருசம் அந்த வரியைக் காணேல்ல, ஆனா "அடிப்பக்கம் அண்டர்சீல் பூசியிருக்கு" எண்டு புதுசா ஒரு வரி. வெல்டிங் ரசீது ஒண்டும் இல்லை. அப்பிடியெண்டா கறளுக்கு மேல தார் மாதிரிப் பூசி மூடியிருக்கினம். டெஸ்டர் எதையும் கழற்றிப் பார்க்கேலாது, கண்ணுக்குத் தெரியிறதைத்தான் எழுதுவார். எஞ்சின், கிளச், கியர்பாக்ஸ் என்ன நிலையில இருக்கு எண்டது அந்த டெஸ்டில சேர்த்தியே இல்லை.

நேர போய் லொக் புக்கை, அதாவது காரின்ர பதிவுப் பத்திரத்தை, பாருங்கோ. அதில இருக்கிற 11 இலக்க எண்ணை அந்தத் தளத்தில போட்டா எந்த கராஜில டெஸ்ட் நடந்தது எண்டும் வரும். லொக் புக் ஆற்ற பேரில இருந்தாலும் அது உரிமைக்கான அத்தாட்சி இல்லை எண்டு அதிலயே எழுதியிருக்கு. காரில கடன் நிலுவை இருக்கோ எண்டு தனியாப் பாருங்கோ, எம்.ஓ.டி வரலாற்றில அது வராது.

நாலுசில்லு:
கறள்தேடி அண்ணை சொன்னதோட இன்னொண்டு. எம்ஜிபிக்குத் தனியா சட்டகம் இல்லை, உடம்பேதான் சட்டகம். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை, அதால பெரும்பாரம் சில் தகட்டிலதான். ஜாக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிப்போட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கோ. இறுகினாலோ, கதவைச் சுத்தி இடைவெளி மாறினாலோ உள்ளுக்குத் தகடு இல்லை எண்டு எடுங்கோ. பழைய சில் தகட்டை வெட்டாமல் அதுக்கு மேல புதுத் தகடு ஒட்டி வெல்ட் பண்ணியிருப்பினம், அதையும் தேடுங்கோ. காந்தத்தை மெல்லிய துணியில சுத்திக்கொண்டு போங்கோ. பிடிக்காத இடத்தில தகடு இல்லை, அடைச்சுப் பூசின புட்டிப் பசைதான்.

பழையஇரும்பு:
சாஸி எண்ணையும் பாருங்கள். 1973 ரோட்ஸ்டர் என்றால் ஜிஎச்என்5 என்று தொடங்க வேண்டும், ஜிடிக்குத்தான் ஜிஎச்டி5. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் எடுத்தால் தயாரான தேதி, முதல் நிறம், எஞ்சின் எண் எல்லாம் வரும். வரலாறு என்றால் அதுதான் வரலாறு. எம்.ஓ.டி அட்டவணை அல்ல.

வேகமானி:
முதல்ல என்ன நிறம்னு தெரிஞ்சு என்ன பண்றது? இந்தக் காரை 2017க்கு அப்புறம் அடியில படுத்து ஒருத்தர் பார்த்ததா பதிவே இல்லை. இந்த 40 வருச விலக்கே தப்பு. வருசத்துக்கு ஒருதரம் மூணாவது மனுசன் பிரேக்கைப் பார்க்கணும்.

பழையஇரும்பு:
விலக்கு இருந்தாலும் ஓடத் தகுதியான நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் கடமை, தவறினால் குற்றம். பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் டெஸ்டரைவிட அக்கறையாகப் பார்ப்பவர்கள். வருடத்துக்கு ஐந்நூறு மைல் ஓடும் காரையும் தினமும் ஓடும் காரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

வேகமானி:
ஓடாம நிக்கிற கார்லதான் பிரேக் சிலிண்டர் இறுகும், ஹோஸ் உள்ள வீங்கும். கம்மியா ஓடுறது பாதுகாப்பு இல்லை.

கறள்தேடி:
இதைப் பிறகு வேற இழையில கதையுங்கோ. தம்பி, விலக்கு எண்டா டெஸ்ட் கட்டாயமில்லை எண்டுதான் அர்த்தம், விரும்பினா எப்பவும் போடலாம். காருக்கு உச்சக் கட்டணம் 54.85 பவுண். "நான் காசு தாறன், நான் சொல்லுற கராஜில டெஸ்டுக்கு விடுங்கோ" எண்டு விக்கிறவரிட்டக் கேளுங்கோ. மறுத்தா முற்பணம் குடுக்காதேங்கோ. 2013 இல இருந்து 2017 வரை அட்வைசரி என்ன இருக்கு எண்டும் இங்க போடுங்கோ.

புதுச்சாவி:
டெஸ்ட் போட்டாச்சு, ஃபெயில். இடப்பக்கச் சில், சீட் பெல்ட் பூட்டுற இடத்தில இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள கறள். 2015 அட்வைசரியிலயும் அதே பக்கம்தான் இருக்கு. விக்கிறவர் விலையைக் குறைக்கிறன் எண்டுறார். எல்லாருக்கும் நன்றி.

நாலுசில்லு:
எவ்வளவு குறைக்கிறார்? ஒரு பக்கச் சில் முழுசா மாத்த வெல்டிங்காரரிட்ட விலை எடுத்துப்போட்டுப் பேசுங்கோ. வலப்பக்கமும் தட்டிப் பார்த்தனீங்களோ? படம் இருந்தாப் போடுங்கோ.

வேகமானி:
பழையஇரும்பு சார், சீட் பெல்ட் பக்கத்துல கறள். இதுவும் உரிமையாளர் அக்கறையா பார்த்த கார்தானா?

பழையஇரும்பு:
ஒரு காரை வைத்துச் சட்டம் எழுத முடியாது.