கொலனோஸ்கோபி 'நார்மல்'னு சொன்னாங்க... உங்க அனுபவம்?

சேலத்துக்காரன்:
அப்பாவுக்கு மலத்துல ரத்தம். மூலம்னே கொஞ்ச நாள் ஓடிச்சு, அப்புறம் ஸ்கோப், அதான் கேமரா குழாயைப் பெருங்குடலுக்குள்ள விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி. ரிப்போர்ட் 'நார்மல்'. கொஞ்ச வருஷத்துல ரத்தசோகை, பார்த்தா வலது பக்கப் பெருங்குடல்ல கட்டி. வேற ஆஸ்பத்திரி சர்ஜன் பழைய ஃபைலைப் புரட்டினார். இருந்த போட்டோ எல்லாம் ரெக்டம், சிக்மாய்டு, அதாவது பெருங்குடலோட கடைசிப் பகுதி. வலது பக்க ஆரம்ப முனையான சீக்கம் வரைக்கும் ஸ்கோப் போனதுக்குப் படமே இல்ல. "சீக்கம் படம் எங்கப்பா?"ன்னு தாளை என் பக்கம் திருப்பி வெச்சார். ஓரத்துல பொடி எழுத்துல 'ப்ரிபரேஷன்: ஃபேர்', அதாவது குடல் சுமாராத்தான் சுத்தமாகியிருந்துச்சு. ஆபரேஷன் ஆகி அப்பா நல்லா இருக்கார். எனக்குத்தான் அந்தத் தாள் கண்ணை விட்டுப் போகல.

மதுரை மீனா:
கூட வர ஆளில்லாம மயக்க ஊசி போடாமலே பண்ணிக்கிட்டேன். உள்ளே போறப்போ உயிர் போச்சு. வெளியே எடுக்கிறப்போ ஸ்கிரீனையே பார்த்துட்டிருந்தேன். ஒரு மடிப்பைத் தாண்டி வந்தவர், என்ன தோணிச்சோ, திரும்ப உள்ளே போய் தண்ணி பீச்சினார். சளி விலகினதும் ஆப்பத்தோட ஓரம் மாதிரி தட்டையா ஒண்ணு. "ஸ்நேர் குடும்மா"ன்னார், அறுத்தெடுக்கிற கம்பி வளையம். பயாப்ஸியில செரேட்டட் பாலிப், குடல் உள்சுவர்ல வளர்ற, சில சமயம் கேன்சரா மாறக்கூடிய வகை. அவர் திரும்பிப் போகலைன்னா?

ரிட்டயர்டு டெக்னீஷியன்:
சேலம் தம்பி, டாக்டரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. குடல் சுத்தமில்லைன்னா யாருக்கும் தெரியாது. நல்ல கைக்கும் பாலிப் தப்பும். எங்க யூனிட்ல ஒருத்தர் சீக்கம் தொட்டதும் "டைம் போடும்மா"ம்பார், நிதானமா வெளியே வருவார். மத்தவங்க சிரிப்பாங்க. பாலிப் அதிகம் பிடிச்சது அவர்தான்.

எல்லாரும் கேட்டுக்கோங்க. பாலிப் எதுவும் இல்லாத சாதாரண கேஸ்ல ஸ்கோப்பை வெளியே எடுக்கக் குறைஞ்சது 6 நிமிஷம்னு இருந்தது, 2024 அமெரிக்க வழிகாட்டுதல்ல சராசரி 8. டாக்டர்கிட்ட அடினோமா கண்டுபிடிப்பு விகிதம் கேளுங்க. அடினோமான்னா பின்னாடி கேன்சரா மாறக்கூடிய ஒரு வகை பாலிப். அவர் பார்க்கிற நூறு பேர்ல எத்தனை பேருக்கு அதைக் கண்டுபிடிக்கிறார்ங்கிற கணக்கு. முன்னே 25 போதும்னாங்க, இப்போ 35. இந்த விகிதம் 1 சதவீதம் கூடினா, பின்னாடி கேன்சர் வர்றது 3 சதவீதம் குறையுதுன்னு 2014-ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு. ரிப்போர்ட்ல பாஸ்டன் ஸ்கோரும் பாருங்க, குடல் எவ்வளவு சுத்தம்னு 0-லிருந்து 3 வரை போடற மார்க். பெருங்குடலோட மூணு பகுதிக்கும் தனித்தனியா 2-க்குக் குறையக் கூடாது. குடலைச் சுத்தம் பண்ற பேதி பவுடரை முந்தின நாளே முழுசும் குடிக்காம, பாதியை அன்னிக்குக் காலையில குடிங்க.

சேலத்துக்காரன்:
சார், சுத்தமில்லைன்னா 'திரும்ப வாங்க'ன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே? 'நார்மல்'னு எதுக்கு எழுதணும்? உங்க யூனிட்ல சிரிச்சவங்க மாதிரி ஒருத்தர்கிட்டதான் நாங்க மாட்டினோம்.

ரிட்டயர்டு டெக்னீஷியன்:
அது தப்புதான் தம்பி. சரியா சுத்தமாகலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி கூப்பிடணும்.

திருச்சி_குமார்:
எனக்கு நாளைக்கு ஸ்கோப். பாதி ஜக்குக்கே குமட்டுது. இளநீர் குடிக்கலாமா?

மதுரை மீனா:
கிட்னி பிரச்சினை இல்லைன்னா குடிங்க, வழுக்கை வேண்டாம். சிவப்புக் கலர்ல எதையும் தொடாதீங்க, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். சீக்கம் போட்டோ கேட்டு வாங்கிக்கோங்க தம்பி.