நியூயார்க் தெருவுல பன்னி மேஞ்சுச்சா?

கேள்வி: 1840கள்ல நியூயார்க் ஃபைவ் பாயின்ட்ஸ் ஏரியாவுல பன்னிங்க ரோட்டுல சுத்துச்சாமே, நெஜமாவா?

பதில் 1: நெஜம்தாங்க. குப்பை ஒழுங்கா அள்ளமாட்டாங்க, அதத் தின்னு தீர்த்ததே பன்னிங்கதான், கூலிக்காரங்களுக்கு செலவில்லாம வளர்ற கறி வேற, அதனால நகராட்சி ஆளுங்க பன்னிய புடிக்க வந்தப்ப பொம்பளைங்களே இறங்கி சண்டை போட்டிருக்காங்க. 1849 காலரா சமயத்துலதான் போலீஸ் ஆயிரக்கணக்குல ஊருக்கு வடக்க தொரத்துச்சு.

பதில் 2: அந்த எடமே கலெக்ட் பாண்ட்னு ஒரு குளத்த மூடி வீடு கட்டுனதுதான் (நம்மாளுங்க மட்டும்தான் ஏரிய மூடுவாங்கன்னு நெனச்சேன்). தரை எறங்கி நாத்தம் வரவும் காசுள்ளவன் கெளம்பிட்டான், ஐரிஷ்காரங்களும் கறுப்பின மக்களும் நெருக்கியடிச்சு வாழ்ந்தாங்க.

கேட்டவர்: அந்த ஏரியா தெருவுல ராத்திரி என்ன விப்பாங்க?

பதில் 1: வேகவச்ச சோளம். கோடை முடியுறப்ப ஏழைப் பொண்ணுங்க பக்கெட்ல வச்சு கூவி விப்பாங்க. அப்புறம் சிப்பி, அது அப்ப ஏழைங்க சாப்பாடு பாஸ்!