பழம் ஊறவைக்க எந்தப் போர்ட் ஒயின்?

பெரம்பூர், ராயபுரம் நண்பர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் கேக்குக்கான உலர்பழங்களை இந்த ஆண்டு ரம்மை விட்டுப் போர்ட் ஒயினில் ஊறவைக்க எண்ணம். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தைக் கலந்துவிடுகிறார்கள். ஈஸ்ட் அடங்கிவிட, மிச்சச் சர்க்கரை அப்படியே தங்குகிறது. அந்த இனிப்பும் 20 சதவீத அளவிலான வீரியமும் அப்படி வருபவைதான். ஷெர்ரி என்னும் ஸ்பெயின் ஒயினுக்கு நொதித்து முடிந்த பிறகே சாராயம் சேர்ப்பதால் பெரும்பாலும் இனிப்பு இராது. என் மாமியாருக்கு அது ஆகவே ஆகாது.

பழத்துக்குப் போர்ட்டில் இளசான ரூபி வகை நல்லதா, மரப்பீப்பாயில் நெடுநாள் கிடந்த டானி வகையா? லேபிளில் 'போர்ட்' என்று போட்டிருந்தால் நம்பலாமா, சதவீதத்தையும் பார்க்க வேண்டுமா? நம் ஊர் வெக்கையில் ஜாடியை வெளியே வைக்கலாமா? ஆண்டுதோறும் ஊறப்போடும் ஆங்கிலோ இந்திய அக்காமார்கள் அளவோடு சொல்லுங்களேன்.