முகூர்த்தப் புடவை: அசல் ஜரிகையா, கோர்வையா?

அரக்குப்பச்சை
காஞ்சிபுரம் பட்டு, அரக்கு உடல், பச்சைக் கரை. கையில் இரண்டு தேர்வு இருக்கு. முதலாவதில் அசல் ஜரிகை, ஆனா கோர்வை (கரையைத் தனி நிற நூலில் நெய்து உடலோட கோக்கிற முறை) கிடையாது. இரண்டாவதில் கோர்வையும் பிட்னியும் (முந்தியை உடலோட பிணைக்கிற முறை) உண்டு, ஜரிகை மட்டும் ஹாஃப்ஃபைன். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். இரண்டுமே இணையக் கடை, போட்டோ மட்டும்தான் கைவசம். எதை எடுக்கலாம்?

முலாம்
யோசிக்கவே வேண்டாம், அசல் ஜரிகை. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவிலேயே ஜரிகைக்கு 57% வெள்ளி, 0.6% தங்கம்னு சொல்லியிருக்கு. ஹாஃப்ஃபைன்னா செம்புக் கம்பிக்கு மேல வெள்ளி முலாம் மட்டும்தான். நெஞ்சுப் பக்கம் வியர்வை படுற இடத்துல முலாம் தேய்ஞ்சதும் செம்பு வெளியே வந்து களிம்பு ஏறும். ஒரு முறை களிம்பு ஏறின கரையை யாராலும் திருப்ப முடியாது. வெள்ளியும் கறுக்கும்தான், ஆனா அதைப் பாலிஷ் போட்டு ஓரளவு மீட்கலாம். இன்னொண்ணு, 200 கிராம் ஜரிகை ஓடின புடவைன்னா 57% கணக்கில் 114 கிராம் வெள்ளி, 1.2 கிராம் தங்கம் உள்ளே இருக்கு. பட்டு நைந்து போனாலும் அது போகாது.

மூணுநாடா
முலாம் அண்ணா, 57 என்பது ஏட்டில் இருக்கும் அளவு. தமிழ்நாடு சரிகை ஆலையின் கலவையே 40% வெள்ளி, 35.5% செம்பு, 24% பட்டு, 0.5% தங்கம்னுதான் சொல்லப்படுது. அதன்படி உங்க 200 கிராமில் வெள்ளி 80 கிராம், செம்பு 71 கிராம். செம்பே இல்லாத ஜரிகைன்னு நினைச்சு யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

கேட்டவங்களுக்கு: கோர்வை இல்லாம பச்சைக் கரைன்னா என்ன ஆகும்னு பாருங்க. உடலின் அரக்கு ஊடையே (குறுக்கு நூல்) கரைக்குள்ளும் ஓடும். பச்சைப் பாவு (நெடுக்கு நூல்), அரக்கு ஊடை, இரண்டும் கலந்து கரை மங்கின பழுப்புப் பச்சையாத்தான் வரும். ஜரிகை அடர்த்தியா இருந்தா முன்பக்கம் மறையும், பின்பக்கம் காட்டிக் கொடுக்கும். கோர்வையில் இடது கரைக்கு ஒரு நாடா (ஊடையை ஓட்டுற கருவி), உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு. ஒவ்வொரு ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று பிடிச்சுத் திரும்பணும். வழக்கமா நெசவாளரோட இன்னொரு ஆளும் தறியில் உட்காரணும். பச்சை சுத்தப் பச்சையாவே நிற்கும். பிட்னியில் உடல் பாவு இழையோட முந்திப் பாவு இழையை ஒவ்வொண்ணா கையால் பிணைப்பாங்க. அந்த அரை அங்குலத்தில் இரண்டு பாவும் சேர்ந்து கிடக்கிறதால விரல் வெச்சாலே தடிப்பு தெரியும். ஒரே விலைன்னா அந்தக் காசு நெய்த கைக்குப் போகட்டும், உலோகத்துக்கு வேண்டாம்.

முலாம்
தம்பி, கோர்வையைக் குறை சொல்லவே இல்லை. ஆனா மோசமான கோர்வையும் சந்தையில் நிறைய. உடல் பாவும் கரைப் பாவும் ஒரே இழுவையில் இல்லாட்டி இணைப்பு சுருங்கி அலை அலையா நிற்கும். பின்னால ஊடைத் திருப்பம் தளர்வா இருந்தா மெட்டியிலும் கொலுசிலும் மாட்டி இழுக்கும். ஒரு இழை இழுபட்டா அந்த வரிசையே கோணும். போட்டோவை வெச்சு இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஜரிகைக்காவது ஒரு இழையை நகத்தால் சுரண்டி சிவப்பு நூல் வருதான்னு பார்த்துடலாம்.

சாயநூல்
அந்தச் சிவப்பு நூல் சோதனையை நம்பாதீங்க ப்ளீஸ். அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயப் பட்டு இழை இருக்கும், அது சரி. ஆனா செம்பு ஜரிகைக்குள்ளும் அதே நிற நூலை வெச்சுச் சுத்துறாங்க. சிவப்பு வரலைன்னா சந்தேகப்படலாம், வந்ததுக்காக அசல்னு முடிவு பண்ண முடியாது. உறுதியா தெரியணும்னா எக்ஸ் கதிரை வெச்சு உலோகத்தை அளக்கிற எக்ஸ்.ஆர்.எஃப். கருவிதான். துணியை வெட்டாமலே வெள்ளி, தங்கம், செம்பு சதவீதத்தைச் சொல்லிடும். காஞ்சிபுரத்திலேயே பார்க்கலாம்.

சில்க் மார்க் அட்டை இருக்கேன்னும் நினைக்காதீங்க. அது மத்தியப் பட்டு வாரியம் தொடங்கின திட்டம், பட்டு தூய பட்டுன்னு மட்டும்தான் சொல்லும். ஜரிகையைப் பத்தியோ, கைத்தறியா விசைத்தறியான்னோ அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. கைத்தறி முத்திரை வேற. ‘ஹாஃப்ஃபைன்’ங்கிற பேரையும் கடைக்குக் கடை வேற மாதிரி பயன்படுத்துறாங்க. பேரைக் கேட்காதீங்க, வெள்ளி எத்தனை சதவீதம்னு கேட்டு பில்லில் எழுதி வாங்குங்க.

மூணுநாடா
இதை அப்படியே ஏத்துக்கறேன். கோர்வையை போட்டோவிலேயே பார்க்க முடியும், ஆனா கடைக்காரர் போடுற போட்டோ போதாது. மூணு படம் கேட்டு வாங்குங்க. ஒண்ணு, கரையும் உடலும் சேர்ற இடத்தின் பின்பக்கம், கிட்டத்தில். நிறம் ஒரே கோட்டில் வெட்டினா மாதிரி மாறணும், அரக்கு இழை பச்சைக்குள்ள போகக் கூடாது. இரண்டு, அதே இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு எடுத்தது. வரிசையா ஊசித் துளை தெரிஞ்சா இணைப்பு தளர்வு. மூணாவது முந்தி ஆரம்பிக்கிற இடம், பிட்னிக்கு. புடவையைத் தட்டையா விரிச்சு அஞ்சு விநாடி வீடியோ எடுத்தா சுருக்கமும் தெரிஞ்சிடும். இதை அனுப்பத் தயங்குற கடையில் வாங்க வேண்டாம்.

களிம்புக்கு வியர்வையும் சென்ட்டும்தான் முக்கியக் காரணம். உடுத்தின பிறகு சென்ட் அடிக்காதீங்க. கழட்டினதும் நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுத்தி வைங்க. பிளாஸ்டிக் உறையும் நாப்தலீன் உருண்டையும் ஜரிகையைத் தொடவே கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க, இல்லாட்டி அசல் ஜரிகையே மடிப்பில் ஒடியும்.

முலாம்
வருஷத்துக்கு நாலு தடவை உடுத்துற புடவைன்னா தம்பி சொல்றது சரி. மகளுக்கும் பேத்திக்கும் போகணும்னு எடுக்கிற முகூர்த்தப் புடவைக்கு என் பதில் மாறாது. அசல் ஜரிகையும் கோர்வையும் சேர்ந்தே வேணும்னா கரை அகலத்தைக் குறைங்க. எட்டு அங்குலக் கரைக்குப் பதில் மூணு அங்குலம் போதும், உடலில் புட்டாவும் (சின்னச் சின்ன ஜரிகைப் பூ வேலை) வேண்டாம். ஜரிகை எடை பாதிக்கும் கீழ வந்துடும்.

அரக்குப்பச்சை
மூணு அங்குலக் கரையில் தாழம்பூ ரேக்கு (கரையோரம் பல் பல்லா வர்ற வடிவம்) எடுபடுமா அண்ணா?

மூணுநாடா
தாராளமா எடுபடும். ரேக்கு கோர்வைக் கோட்டின் மேலதான் பல் பல்லா ஏறும், கரை அகலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பல்லு ஒவ்வொண்ணும் ஒரே உயரமான்னு மட்டும் பாருங்க.