'ரன்' என்ற சொல்லை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளி முடித்த மகள் இப்போது படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு. மூன்று வாரமாக ஆங்கில வாசிப்பில் 'ரன்' வந்தாலே தடுமாறுகிறாள். 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்றால் கடைக்குள் ஓடுகிறாள் என்கிறாள். நேற்று அழுதுவிட்டாள்.

பஸ் ஓடும், தண்ணீர் ஓடும், படம் ஓடும். அதுவரை நம் 'ஓடு' கைகொடுக்கிறது. அப்புறம் கடையை நடத்துகிறோம், மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, தேர்தலில் நிற்கிறோம். ஆங்கிலத்தில் எல்லாம் 'ரன்'தான். மலாயில் 'ஓடு' என்பதற்கான 'லாரி' என்ற சொல்லும் உதவவில்லை.

பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவைத்தேன், மறுநாளே மறந்துவிட்டாள். ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களாம், பட்டியல் வேலைக்கு ஆகாது. படமும் வரைந்து பார்த்தேன். 'சீனி தீர்ந்துவிட்டது' என்பதற்கு (அதுவும் ஆங்கிலத்தில் 'ரன் அவுட்') வந்ததும் நின்றுவிட்டேன்.

இத்தகைய சொல்லை உங்கள் பிள்ளைகளுக்கு எந்த முறையில் சொல்லிக்கொடுத்தீர்கள்?